கலயத்தைத் திறந்தவனுக்குப் பெண் கிடையாது

டீவி என்னுடையது. ஜெனரேட்டர் என்னுடையது. அதற்கு ஊற்றுகிற பெட்ரோலும் என்னுடையது. வாய் மட்டும்தான் உரேதியாவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனுகு நகரத்தில், எங்கள் அபக்பா பக்கத்தில், யாரிடம் வழி கேட்டாலும் நான் முடி பின்னுகிற கடையை "உரேதியா டீவி பார்க்கிற இடம்" என்றுதான் கை காட்டுகிறார்கள். வாசலில் என் பெயரைப் பெரிதாக எழுதிப் பலகை மாட்டியிருக்கிறேன். எபெலே, சகலவிதமான பின்னல்களும் பின்னித் தரப்படும் என்று. யார் படிக்கிறார்கள்?

உரேதியா எங்கள் வளவில், ஒரே முற்றத்தைச் சுற்றின குடித்தனங்களில், எனக்கு எதிர் அறை. புருஷன் இல்லை, ஒரே பெண். விடிவதற்கு முன் எழுந்து ஒக்பா அவிப்பாள். பயற்று மாவில் செம்பனை எண்ணெயும் மிளகாயும் கலந்து வாழை இலையில் கட்டி அவிப்பதை யாரும் செய்யலாம். விற்பதற்குத் தொண்டை வேண்டும். பேசின் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குள் நுழைந்து "சுடச்சுட ஒக்பா!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், புறப்பட்ட பஸ் நின்றுவிடும். மதியத்துக்குள் பேசின் காலியாகிவிடும். தொண்டை காலியாகாது. மிச்சம் இருக்கிற தொண்டையை எடுத்துக்கொண்டு சாயங்காலம் என் கடைக்கு வந்துவிடுவாள்.

எல்லா நாடகத்துக்கும் அவள் கத்துவதில்லை. காதல் கதை போட்டால் தூங்கிவிடுவாள். அரசியல்வாதி ஊரை ஏமாற்றுகிற கதை என்றால் "இது தெரிஞ்சதுதானே" என்று எழுந்து போய்விடுவாள். ஆவி வரவேண்டும். ஓடையிலிருந்து பெண் எழுந்து வரவேண்டும். பூசாரி, மலைப்பாம்பு, பேசுகிற பானை ஏதாவது ஒன்று வந்துவிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். ஆவிகள் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. ஆவி தன் வேலையைப் பார்க்கிறது என்பாள். கோபமெல்லாம் மனிதர்கள் மேல்தான்.

"நடுக்காட்டுல ஒருத்தி தனியா நிக்கிறா. வெள்ளைத் துணி. கால்ல ஒரு பொட்டு சேறு இல்ல. அவகிட்டப் போய் எவனாவது பேர் கேப்பானா? அடேய், முதல்ல காலைப் பாருடா! நம்ம ஊரு மழைக்கு எவளுக்குடா காலு சுத்தமா இருக்கும்?"

இப்படித்தான் ஆரம்பிப்பாள். முகம் தெரியாத குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லாதே, முச்சந்தியில் கிடக்கிற முட்டையை எடுக்காதே, கனவில் யாராவது சோறு போட்டால் சாப்பிடாதே, பெண்ணின் வீட்டை நேரில் பார்க்காமல் கல்யாணம் செய்யாதே. நாலு விஷயம். இந்த நாலையும் கடைப்பிடித்தால் நம் நாட்டில் ஒரு பேய் நாடகம்கூட இரண்டாவது வாரத்தைத் தாண்டாது என்பது அவள் கணக்கு. தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் "ஓடைக்கு வாய்த்த மாப்பிள்ளை" என்று ஒரு தொடர் வந்தது. அதில் ஒபிடிகே என்று ஒரு பிள்ளை. பார்க்க அழகு, நல்ல உயரம், புத்தி மட்டும் சுத்தமாக இல்லை. முதல் வாரம் முச்சந்தி முட்டையை எடுத்தான். எடுத்ததோடு விட்டானா, பொரித்துச் சாப்பிட்டான். இரண்டாவது வாரம் காட்டில் நின்றவளிடம் பேர் கேட்டான். அப்புறம் கனவில் அவள் பரிமாறின சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டான், இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினான். அவள் ஓடையில் வாழ்கிற ஆவி என்று ஊரே சொல்லியும் அவளையே கட்டிக்கொண்டான். அவன் அப்பன் சாகும்போது பரணில் ஒரு மண்கலயம் இருக்கிறது, ஏழு தலைமுறைக்குத் திறக்காதே என்று சொல்லிவிட்டுச் செத்தான். அப்பனைப் புதைத்த மண் காயவில்லை, இவன் ஏணியை எடுத்துப் போட்டுவிட்டான்.

அன்றைக்கு என் கடையில் நிற்க இடமில்லை. பாதித் தலை பின்னின வாடிக்கையாளர்கள், வளவுப் பெண்கள், எதிரே டயர் பஞ்சர் ஒட்டுகிறவன், ஒருவரும் டீவியைப் பார்க்கவில்லை, உரேதியாவைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்டா! மூடி வெச்சிருக்கான்னா எதுக்கு மூடி வெச்சிருக்கான்? உங்கப்பன் என்ன கிறுக்கனா? இறங்குடா கீழே! அந்த ஏணி உடைஞ்சு விழமாட்டேங்குதே, கடவுளே! அடேய், கையை எடு! கையை எடுடா பாவி!"

திறந்தான். உள்ளே இருந்து புகை வந்தது. உரேதியா என் சீப்பைத் தூக்கி டீவி மேல் அடித்தாள். நல்லவேளை, சீப்புதான் உடைந்தது.

இப்படி இருக்கும்போது, ஒருநாள் மத்தியானம் அவள் மகள் உஜுன்வா என் கடைக்கு வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண், அமைதியானவள். அம்மாவின் தொண்டை அவளுக்கு வரவில்லை. என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். நான் ஒரு வாடிக்கைக்காரிக்குப் பின்னல் நுனிகளை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தேன்.

"சித்தி, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிறதாப் பேசிட்டோம். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"அட, நல்ல சேதிதானே! அதை நீயே சொல்லேன்டி. பையன் யாரு?"

"உங்களுக்குத் தெரிஞ்சவர்தான்."

"எனக்கா? இந்தத் தெருவா?"

அவள் பேசாமல் கையை நீட்டினாள். டீவியில் வியாழக்கிழமைக்கான விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒபிடிகே அந்தக் கலயத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். வெந்நீர்ப் பாத்திரம் என் கையிலிருந்து நழுவி விழுந்தது. வாடிக்கைக்காரி காலைத் தூக்கிக்கொண்டு போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவன் உண்மையான பெயர் டோபென்னா. ஊர் நுசுக்கா பக்கம். படப்பிடிப்பில் வயிற்று வலி வந்து மருந்துக் கடைக்குப் போயிருக்கிறான், அங்கே பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அவனை உரேதியாவின் அறைக்குக் கூட்டிவந்தாள் உஜுன்வா. ஏதாவது உடைந்தால் பெருக்க ஆள் வேண்டுமே என்று நானும் போய் உட்கார்ந்தேன்.

இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு தார் வாழைப்பழம். குனிந்து வணக்கம் சொன்னான். உரேதியா பழத்தைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள். செருப்பில் சேறு இருந்தது. அதில் கொஞ்சம் திருப்தி அவளுக்கு.

"உக்காரு. நீதானா அது?"

"ஆமாம்மா. ஆனா அது ஒபிடிகே. நான் டோபென்னா."

"அந்த மூஞ்சி யாருது?"

"என்னுதும்மா."

"கை?"

"என்னுதுதான்."

"கலயத்தைத் திறந்தது அந்தக் கைதானே?"

பாவம் பிள்ளை, தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "அம்மா, எழுதிக் குடுக்கிறாங்க, நான் செய்யறேன். அதுதான் வேலை."

"எழுதிக் குடுத்தா செஞ்சிடுவியா? நாளைக்கு ஒருத்தன், மாமியாரைக் கிணத்துல தள்ளுன்னு எழுதிக் குடுப்பான்."

"அம்மா!" என்றாள் உஜுன்வா. "நடிப்பும்மா அது. நிஜமா எதுவும் இல்ல. அந்த முட்டைகூட பொய் முட்டை. ஓடைத் தண்ணியை மட்டும்தான் நிஜமாக் குடிச்சார், அதுலதான் வயித்து வலி வந்து எங்க கடைக்கு..."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உரேதியா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா எபெலே? ஓடைத் தண்ணியை. நிஜமா. குடிச்சானாம்."

டோபென்னா வாழைப்பழத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். உரேதியா அதைத் தொடவில்லை. நான்தான் சாப்பிட்டேன், வீணாக்குவானேன்?

அதற்குப் பிறகு அறைக்குள் தினமும் ரகளை. அம்மா முடியாது என்கிறாள், மகள் அவன்தான் என்கிறாள். எங்கள் பக்கத்தில் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி ஒரு பையனைத் திருப்பி அனுப்ப முடியாது. விசாரித்து, காரணம் கண்டுபிடித்து அனுப்பவேண்டும். அதனால் ஊரிலிருந்து உரேதியாவின் புருஷனுக்கு அண்ணன், ஓசோமேனா பெரியவர், வந்து சேர்ந்தார். பங்காளிகளில் மூத்தவர் அவர்தான். பையனுடைய ஊருக்கே போய் விசாரிக்கவேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் குடும்பத்தில் திருடன் உண்டா, பைத்தியம் உண்டா, பெண்டாட்டியை அடிக்கிறவன் உண்டா, இளவயதில் சாகிறார்களா, எல்லாம் கேட்கவேண்டும். இரண்டு பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு நுசுக்கா பக்கம் போய், நாலு கள்ளுக் கடையில் உட்கார்ந்து விசாரித்துவிட்டு, கண் சிவக்கத் திரும்பி வந்தார்.

வளவு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எல்லோரும் சுற்றி நின்றோம்.

"நல்ல குடும்பம்," என்றார். "திருட்டு இல்ல. கிறுக்கு இல்ல. தாத்தா ரொம்ப வருஷம் இருந்தாராம், எப்பத்தான் போவாரோன்னு ஊரே சலிச்சுப் போச்சாம். பையனும் தங்கமான பையன்கிறாங்க."

உஜுன்வா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா..." பெரியவர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் ஒண்ணு கேக்கிறாங்க. அவன் எதுக்கு அந்தக் கலயத்தைத் திறந்தான்னு."

"பாத்தியா!" என்றாள் உரேதியா.

"கள்ளு இறக்கிறவன் கேக்கிறான். கோயில்ல ஃபாதர் கேக்கிறார். அவனைப் பெத்தவரே கேக்கிறார். இப்பல்லாம் ஆட்டுப்பட்டியைப் பூட்டச் சொல்லி அவன்கிட்டச் சாவி குடுக்கிறதில்லையாம். அவங்க அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னாடி தினமும் மெழுகுவத்தி ஏத்துறாங்க. அது என்ன கலயம்? எனக்கு ஒண்ணும் புரியல. நான் அதைப் பாக்கணும்."

இதுதான் நடந்த பெரிய தப்பு. அந்த வியாழக்கிழமை ஓசோமேனா பெரியவரும் இரண்டு பங்காளிகளும் என் கடையில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தலை உலர்த்துகிற நாற்காலியில் பெரியவர். மேலே கவிழ்ந்திருக்கிற கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு பார்த்தார், காது நன்றாகக் கேட்கிறது என்றார். டயர்க்காரன் முன்கதையை அவருக்கு விளக்கினான். நாடகம் முடிந்ததும் பெரியவர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"பையன் செஞ்சது சரி. அப்பன் சொத்து மகனுக்கு. கலயம் வீட்டுக்குள்ள இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு பாக்க அவனுக்குப் பாத்தியதை உண்டு."

"பாத்தியதையா?" உரேதியா பாய்ந்தாள். "உள்ள இருக்கிறது ஏழு தலைமுறைச் சாபம். அதுல என்னய்யா பாத்தியதை?"

"சாபமா இருந்தாலும் சொத்துதான்."

"அப்ப நீங்க எடுத்துட்டுப் போங்க ஊருக்கு!"

பங்காளிகளில் ஒருவர் பெரியவர் பக்கம், ஒருவர் உரேதியா பக்கம். ஏழு தலைமுறை என்றால் அப்பனையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று பேச்சு வளர்ந்தது. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இனி இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று கிளம்பினார். ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பேச வந்தவர்கள் பெண்ணை மறந்தே போனார்கள். உஜுன்வா கடை மூலையில் நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"போதும் நிறுத்துங்க! அம்மா, உனக்குப் பயம். அதைச் சொல்லேன். அன்னைக்கு அப்பா உன் பேச்சைக் கேக்காம லாரியை எடுத்துட்டுப் போனார். போனவர் வரல. அதுக்கு டோபென்னா என்னம்மா பண்ணுவார்?"

அந்தப் பேச்சை எங்கள் வளவில் யாரும் எடுப்பதில்லை. உரேதியா பேசினை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உஜுன்வாவை ஒரு அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிக்கொண்டேன்.

மறுநாள் பஸ் நிலையத்தில் உரேதியாவின் குரல் எழும்பவே இல்லை, பாதி ஒக்பா திரும்பி வந்தது. அடுத்த வியாழக்கிழமை கடைக்கு வந்தாள், மூலையில் உட்கார்ந்தாள், ஒரு சத்தம் போடவில்லை. ஒபிடிகே தன் தலைமுடியை வெட்டி முன்பின் தெரியாத கிழவியிடம் கொடுத்தான். தலைமுடியை! எனக்கே பொறுக்கவில்லை, நான் கத்தினேன். உரேதியா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சனங்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அவள் கத்தினால் எரிச்சல், கத்தாவிட்டால் அதைவிடக் கஷ்டம், என்ன பிழைப்பு இது?

நாடகம் முடிந்ததும் மகளைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பையன்கிட்டச் சொல்லு. ஒரே ஒரு தடவை. அடுத்த வாரம் அந்த ஓடைக்காரி வந்து கூப்பிடுவா, வெளிய நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவா. பதில் சொல்லாம இருக்கட்டும். ஒரு தடவை புத்தியோட நடந்துக்கிட்டாப் போதும். அப்புறம் அவங்க அப்பாவைக் கூட்டிட்டுப் பொண்ணு கேட்டுக் கள்ளோட வரச் சொல்லு."

"அம்மா, அதை எழுதறது அவர் இல்ல."

"எழுதறவன்கிட்டக் கேக்கச் சொல்லு. வாய் இருக்கில்ல?"

டோபென்னா போய்க் கேட்டிருக்கிறான். எழுதுகிறவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தானாம். "ஒபிடிகேக்குப் புத்தி வந்தா கதை அன்னைக்கே முடிஞ்சுது. அப்புறம் நீயும் வீட்டுக்குப் போகணும், நானும் போகணும். போய் வசனத்தைப் படி." இதை உஜுன்வா என்னிடம் வந்து சொல்லி அழுதாள். அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நடக்கிறபடி நடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் ஊர் நாடகக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் ஒரு காட்சியை இரண்டு தடவை எடுக்கமாட்டார்கள். விளக்குக்கு வாடகை, வீட்டுக்கு வாடகை, நேரம் ஆகிவிட்டால் வீட்டுக்காரன் வந்து விரட்டுவான். எடுத்தது எடுத்ததுதான், நேற்று எடுத்ததை இன்று போட்டுவிடுவார்கள். பின்னால் ஆடு கத்தினாலும் ஆட்டோடு சேர்த்துப் போடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை உரேதியா சீக்கிரமே வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வந்ததைப் பார்த்துக் கூட்டமும் வந்துவிட்டது. திரையில் ஒபிடிகேயின் வீடு. வெளியே மழை. கதவுக்கு அந்தப் பக்கம் ஓடைக்காரி வந்து நின்றாள். அவள் குரல் தேனாக இருக்கும், அதுதான் ஆபத்து.

"ஒபிடிகே..."

அவன் தலையை நிமிர்த்தினான்.

"ஒபிடிகே, நனையறேன். கதவைத் திற."

எழுந்தான். கதவை நோக்கி நடந்தான். உஜுன்வா முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டாள். எல்லோரும் உரேதியாவைப் பார்த்தோம். அவள் கத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது, வேண்டாம் வேண்டாம் என்று.

தாழ்ப்பாள் மேல் கை வைத்தான். வைத்த கையால் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் போட்டான். ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டிலிருந்த அவித்த கிழங்கை எடுத்துத் தோல் உரித்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

வெளியே ஓடைக்காரிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அது நன்றாகத் தெரிந்தது. "ஒபிடிகே? ஒபிடிகே!" என்றாள். தேன் போய்விட்டது, நிஜமாகவே கோபம் வந்துவிட்டது அந்த நடிகைக்கு. யாரோ ஒருவர் படத்துக்கு வெளியே இருந்து "கதவைத் திறடா!" என்று சொன்னதுகூடக் கேட்டது. அவன் அசையவில்லை. தின்று முடித்தான், கை கழுவினான், படுத்துப் போர்த்திக்கொண்டான். மீதி நேரமெல்லாம் அவன் தூங்குவதைத்தான் காட்டினார்கள்.

ஐயோ, என் கடை பட்ட பாடு! டயர்க்காரன் என்னைத் தூக்கிச் சுற்றினான். பாதித் தலை பின்னினவள் தெருவில் இறங்கி ஆடினாள். பஸ்காரன் ஒருவன் என்ன ஏது என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனான். ஓசோமேனா பெரியவர்கூட ஊரிலிருந்து போன் போட்டு, பையன் பாத்தியதையை விட்டுக்கொடுத்துவிட்டானே என்று வருத்தப்பட்டுவிட்டு, பிறகு பெருமைப்பட்டார். உரேதியா மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒபிடிகேயாக வேறு ஒருவன் வந்தான். குட்டை, தொப்பை. ஓடைக்காரி கோபத்தில் புருஷன் உருவத்தை மாற்றிவிட்டாள் என்று ஒரு வசனம் வைத்துச் சரிக்கட்டிவிட்டார்கள். அந்தக் குட்டையன் வந்ததும் வராததுமாகக் கதவைத் திறந்து ஓடைக்குள் இறங்கினான். டோபென்னாவுக்கு வேலை போய்விட்டது. சொன்னதைச் செய்யாத நடிகன் என்று பேராகி, வேறு ஒருவரும் கூப்பிடவில்லை. உஜுன்வா இளைத்துப் போனாள். வேலை இல்லாத பிள்ளைக்கு எந்த அம்மா பெண் கொடுப்பாள்? சம்பாதித்த ஒபிடிகேக்கே கொடுக்காதவள் இவனுக்குக் கொடுப்பாளா என்று நானும் நம்பிக்கையை விட்டுவிட்டேன்.

ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. டோபென்னாவும் அவன் அப்பாவும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு குடம் கள்ளோடும் கோலாக் கொட்டையோடும் வந்தார்கள். பங்காளிகள் வந்தார்கள், துண்டை உதறினவரும் வந்தார். முறைப்படி கொட்டையை உடைத்து எல்லோரும் மென்றோம். ஓசோமேனா பெரியவர் ஒரு குவளையில் கள்ளை ஊற்றி, உஜுன்வாவைக் கூப்பிட்டார்.

"மகளே, இவங்க உன்னைக் கேட்டு வந்திருக்காங்க. இந்தக் கள்ளை நாங்க குடிச்சா உன்னைக் குடுத்ததா ஆயிடும். குடிக்கலாமா, வேண்டாமா? நீ சொல்லு."

உஜுன்வா வாயைத் திறந்தாள்.

"இரு," என்றாள் உரேதியா.

அவள் எழுந்து வந்து டோபென்னாவுக்கு நேரே நின்றாள்.

"வேலை போயிடுச்சாமே?"

"ஆமாம்மா."

"கதவைத் திறக்கச் சொல்லித்தானே எழுதியிருந்தாங்க?"

"ஆமாம்மா."

"திறக்கலேன்னா வேலை போகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? அறிவிருக்கா உனக்கு? சோறு போடுற வேலைடா அது! எவனாவது அதைத் தூக்கிப் போடுவானா?" தொண்டை வந்துவிட்டது, பஸ் நிலையத் தொண்டை. டோபென்னாவின் அப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஏன்டா அப்படிப் பண்ணின?"

"நீங்க சொன்னீங்கம்மா," என்றான் அவன். "பதில் சொல்லாதேன்னு."

"நான் சொன்னா?"

அவள் குரல் உடைந்துவிட்டது.

"நான் சொல்றதை யாருடா கேட்டிருக்கா? இதோ எபெலே இருக்கா, அவளைக் கேளு. எத்தனை பேருக்குக் கத்தியிருக்கேன். போகாதேன்னா போவான். எடுக்காதேன்னா எடுப்பான். வாசல்ல நின்னு, லாரிக்கு முன்னால நின்னு, விடிஞ்சு போய்யா, ராத்திரி ரோடு சரியில்லன்னு சொன்னேன். சிரிச்சுட்டு என்னை நகத்திட்டுப் போனான் இவ அப்பன். அவனே கேக்கல. நீ யாருடா? நான் பெத்தவனா, கட்டினவனா? நீ எதுக்குடா கேட்ட?"

அழுகை பொங்கிவிட்டது. பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ பழமொழி எடுத்துவிடப் பார்த்தார், நான் ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டார். எனக்கும் கண் மறைத்தது. அவள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு பெரியவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"என்ன பாத்துட்டிருக்கீங்க? குடிங்கய்யா!"

"கேட்டது உன்னை இல்லம்மா," என்றார் ஓசோமேனா பெரியவர், பாவம், மெதுவாகத்தான் சொன்னார்.

உஜுன்வா சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். டோபென்னாவுக்கு முன்னால் மண்டியிட்டு அதை அவன் கையில் கொடுத்தாள். அவன் மீதியைக் குடித்தான். பங்காளிகள் குடத்துக்குக் கை நீட்டினார்கள். பெண்கள் குலவையிட்டோம்.

அவ்வளவு சத்தத்திலும் உரேதியாவின் அழுகை நிற்கவில்லை. டோபென்னா எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"அழாதீங்கம்மா," என்றான்.

"நீ சொன்னா நான் கேக்கணுமாக்கும்?" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் பலமாக அழுதாள்.